மூன்று சிலிண்டரில் மன்னாருக்கு

திங்கட்கிழமை காலை நான் மன்னார்த் தீவில், தாழ்வுபாட்டில் இறங்கியபோது மழை மூன்றாவது நாளாகப் பெய்துகொண்டிருந்தது. இதே கடலின் எதிர்க்கரையில், தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள் நான். கார்த்திகை மழை எனக்குப் புதிதில்லை. ஆனால் எங்கள் ஊரில் மழை வந்தால் ஜனங்கள் ஓடி ஒதுங்குவார்கள். இங்கே பெண்கள் தலையில் ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு நிதானமாகச் சைக்கிள் மிதித்துப் போனார்கள். சாலை நடுவில் நான்கு கழுதைகள் நனைந்துகொண்டு நின்றன. அவற்றை யாரும் விரட்டவில்லை.

ஐஸ் மெஷின் பொருத்துவது என் தொழில். இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன். இங்குள்ள மீனவர் சங்கம் எங்கள் கம்பெனியில் ஒரு சிறிய மெஷின் வாங்கியிருந்தது. பெட்டிகள் முன்பே கப்பலில் வந்துவிட்டன. அதைப் பொருத்தி ஓட்டிக் காட்டிவிட்டு நான் சனிக்கிழமை ஊருக்குத் திரும்ப வேண்டும்.

சங்கத்தின் சார்பில் என்னை எதிர்கொண்டவர் டொமினிக். படகு எஞ்சின் மெக்கானிக், முப்பத்தைந்து வயதிருக்கும். நான் நேராக மெஷினைப் பார்க்கப் போனேன். அவர் நாற்காலியைக் காட்டினார்.

"சாப்பிட்டிட்டுத் தொடங்குவம் அக்கா. மெஷின் எங்கயும் ஓடாது. பாண்தான் ஆறிப்போகும்."

சுடச்சுடப் பாண், அதாவது எங்கள் ஊர் பிரெட், கூடவே மீன் போட்ட சொதி. எங்கள் பக்கத்தில் சொதி என்றால் கல்யாண மறுவீட்டுக்கு வைக்கிற கெட்டியான குழம்பு, காய்கறி மட்டும்தான் அதில் போகும். இங்கே அது தினமும் வைக்கிற மஞ்சள் தண்ணீர், உள்ளே ஒரு மீன் தலை. முதல் வாயில் ஏமாற்றமாக இருந்தது. மூன்றாவது வாயில் இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

பெட்டிகளைப் பிரித்தோம். ஆறில் ஐந்துதான் இருந்தன. கண்ட்ரோல் போர்டு இருந்த ஆறாவது பெட்டி வேறொரு லொறியில் ஏறி, வெள்ளத்துக்குப் பயந்து முருங்கனில் ஒரு கடையில் இறக்கப்பட்டிருந்தது.

"கட்டுக்கரைக் குளம் வான் பாயுது அக்கா. ரெண்டு நாள் பொறுத்தால் பெட்டி தானா வரும்" என்றார் டொமினிக்.

குளம் நிரம்பி வழிவதை எங்கள் ஊரில் மறுகால் பாய்கிறது என்போம். இங்கே வான் பாய்கிறது. சொல் அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு நாள் பொறுக்க என்னால் முடியாது. "நானே போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்றேன். இந்தப் பயணத்தில் நான் காட்டிய முதல் அவசரம் அது.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு வெள்ளைக் கார் வந்தது. வயது இருபதாவது இருக்கும். துடைத்துத் துடைத்துப் பெயின்ட் மெலிந்திருந்தது. ஓட்டி வந்தவர் மாசிலாமணி, அறுபதை ஒட்டிய மனிதர். சின்ன வயதில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்தவர். உயிலங்குளத்துக்குப் பக்கத்தில் வீடு. கொஞ்சம் வயல், மீதி நேரம் இந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறார். அவர் பேசியது டொமினிக்கின் பேச்சைவிட என் பேச்சுக்கு நெருக்கமாக இருந்தது. "வாங்க தங்கச்சி, முன்னால உக்காருங்க, பின்னால கதவு ஒழுகும்" என்றார். பக்கத்துத் தெருக்காரரோடு போவது போல நிம்மதியாக இருந்தது.

போகும்போது சிரமமில்லை. முருங்கனில் பெட்டி பத்திரமாக இருந்தது. பால் இல்லாத பிளேன்ரீ குடித்தோம். திரும்பும்போதுதான், போகும்போது கணுக்காலளவு இருந்த ஒரு தாழ்வான இடத்தில் தண்ணீர் சாலையை முழுதாக மூடிப் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மாசிலாமணி காரை நிறுத்தினார்.

"பொறுப்போம் தங்கச்சி. மழை விட்டா ஒரு மணித்தியாலத்துல இறங்கிரும்."

எங்களைத் தாண்டி ஒரு பஸ் தண்ணீருக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறியது.

"பஸ் போகுதே அண்ணே. நடுவுல பிடிச்சு மெதுவா போயிடலாம்."

"பஸ்ஸுக்குக் காத்து இழுக்கிற மூக்கு மேல இருக்குங்க. நம்ம வண்டிக்குக் கீழ."

"முட்டியளவுகூட இல்லையே. எனக்கு இன்னைக்கே போர்டை மாட்டணும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். வாடகைக்குக் கார் எடுத்தவள் நான். அவர் கியரைப் போட்டார்.

பாதி தூரம் போய்விட்டோம். எதிரே ஒரு டிப்பர் லொறி வேகத்தைக் குறைக்காமல் வந்தது. அது தள்ளிய அலை எங்கள் பொனட்டின் மேல் ஏறிக் கண்ணாடியில் அடித்தது. எஞ்சின் ஒரு முறை இருமிவிட்டு நின்றது. காலடியில் தண்ணீர் கசிந்தது; போர்டுப் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னொரு தடவை போட்டுப் பாருங்கண்ணே" என்றேன். அது என் இரண்டாவது தவறு.

அவர் சாவியைத் திருப்பினார். சுழலும் சத்தம் வரவில்லை. "டக்" என்று ஒரே ஒரு அடி.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஐஸ் மெஷினின் கம்ப்ரெசருக்குள் வாயுவுக்குப் பதில் திரவம் புகுந்தால் இதே சத்தம் வரும். வாயுவை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டி நின்றுவிடும். இன்னும் அழுத்தினால் பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளையும். இருபத்திரண்டு வருடமாக இதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

"திருப்பாதீங்க! சாவியை எடுத்துடுங்க!" என்று கத்தினேன்.

இறங்கித் தள்ளினோம். வயலிலிருந்து ஒருவர் டிராக்டரோடு வந்தார். கயிறு கட்டியதும், "கியரில போட்டு வையுங்கோ. இழுக்கிற இழுவையில ஸ்டார்ட் வந்திடும்" என்றார்.

"வேண்டாங்க. நியூட்ரல்ல வச்சு இழுத்தாப் போதும்."

"அக்கா, இந்த வெள்ளத்துக்குள்ள நாங்கள் எத்தினை வாகனம் எடுத்திருக்கிறம் தெரியுமோ?"

"தெரியாதுங்க. ஆனா இந்த வண்டி கியர்ல போகாது" என்று கயிற்றின் மேலேயே காலை வைத்து நின்றேன். அவர் சிரித்துவிட்டார். காரை நியூட்ரலிலேயே வந்த வழியில் திருப்பி, மாசிலாமணியின் வீட்டு முற்றம்வரை இழுத்துவந்தார்.

வீட்டில் அவர் மனைவி லெச்சுமி துணி கொடுத்தார், தேநீர் கொடுத்தார், தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பல் என்ற காரத் துவையலும் வைத்தார். எனக்குக் கோப்பை நிறைய ஊற்றிவிட்டுத் தனக்குக் கால் கோப்பைகூட ஊற்றிக்கொள்ளவில்லை. பக்கத்தில் ஒரு போத்தலில் பேனாவால் கோடு போட்டிருந்தது. அவருடைய இடது முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு போல் புடைத்திருந்தது.

"கிட்னி போயிருச்சுங்க" என்றார், சாதாரணமாக. "ஒரு நாளைக்கு இந்தக் கோடு வரைக்கும்தான் தண்ணி. திங்களும் வியாழனும் மன்னார் ஆஸ்பத்திரியில மெஷின் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணுவாங்க."

"வியாழன்னா... நாளன்னைக்கா?"

"ஆமாங்க. நேத்துப் போய் வந்தோம்."

"எதுல போவீங்க?"

அவர் முற்றத்தில் நின்ற காரைப் பார்த்தார். ரொட்டியைத் தட்டில் வைத்தேன்.

பஸ் அன்று மாலையோடு நின்றுபோனது. ஆட்டோக்காரர்கள் தண்ணீருக்குள் வர மறுத்தார்கள். ஆம்புலன்ஸ்கள் இன்னும் மோசமான இடங்களுக்கு ஓடிக்கொண்டிருந்தன. "டிராக்டர் பெட்டியில போகலாம். போன மழைக்கு அப்படித்தான் போனோம்" என்றார் மாசிலாமணி. "ஆனா திரும்பி வர்ற வழியில இவ மயங்கி விழுந்துட்டா" என்று சேர்த்தார். இரண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எழுந்து பொனட்டைத் திறந்தேன்.

டொமினிக்குக்குப் போன் செய்தேன். முதல் வார்த்தையே, "சாவியைத் தொடாதேங்கோ அக்கா. பற்றியைக் கழட்டி வையுங்கோ. நான் காலமை வாறன்."

வெளிச்சம் இருக்கும்வரை பார்த்தேன். அவர் பற்றி என்ற பேட்டரியின் வயரைக் கழற்றினேன். ஏர் பில்ட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே கால் வாளித் தண்ணீர். காகித பில்ட்டர் ஊறிப்போன அப்பளம் போல் தொங்கியது. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். எண்ணெய் இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே, பால் தேநீர் நிறத்தில் ஏறியிருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது. பிளக்குகளைக் கழற்ற அந்த வீட்டில் நீளமான ஸ்பேனர் இல்லை. அதற்குமேல் என்னால் ஆனது எதுவுமில்லை. அன்றிரவு அங்கேயே தங்கினேன்.

புதன்கிழமை காலை டொமினிக் பாதி வழி மோட்டார் சைக்கிளிலும், பள்ளத்தில் அதை டிராக்டரில் ஏற்றியும் வந்து சேர்ந்தார். சாக்கில் ஸ்பேனர்கள், இரண்டு கான் எண்ணெய். வந்ததும் அவர் செய்த முதல் வேலை எனக்கு வினோதமாக இருந்தது. ஏர் பில்ட்டர் பெட்டியில் தேங்கிய தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு இல்லை. குளத்துத் தண்ணி. தப்பினம்" என்றார். "மன்னார்ப் பாலத்தடிக் கடல் தண்ணி எண்டால் எல்லாத்தையும் நல்ல தண்ணியில கழுவவேணும். இல்லாட்டி ஒரு மாசத்தில உள்ளுக்கை அரிச்சுப்போடும்."

நான்கு பிளக்குகளையும் கழற்றினோம். மூன்று சுலபமாக வந்தன. நான்காவது வரவில்லை. டொமினிக் எண்ணெய் விட்டு, காத்திருந்து, அரைச் சுற்று முன்னும் கால் சுற்று பின்னுமாகத் திருப்பித் திருப்பி எடுத்தார். படகு எஞ்சினில் கற்ற பொறுமை. நேற்று எனக்கு இதில் பாதி இருந்திருக்கலாம்.

உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. முதலில் எஞ்சினின் முன்பக்கச் சக்கரத்தில் ஸ்பேனர் மாட்டிக் கையால் சுற்றினார். பிஸ்டன் கம்பி வளைந்திருந்தால் இங்கே தட்டும். மாசிலாமணி தலையில் கையை வைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார், பார்க்க முடியாமல். ஒரு சுற்று. இரண்டு சுற்று. எங்கும் தட்டவில்லை.

"இப்ப சாவியைத் திருப்புங்கோ அண்ணை. எல்லாரும் விலகி நில்லுங்கோ."

பிளக் ஓட்டைகளிலிருந்து தண்ணீர் கூரை உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. லெச்சுமி வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

ஓட்டைகளில் தண்ணீர் நின்றதும் ஒவ்வொன்றிலும் கட்டை விரலை அழுத்திப் பிடித்தேன். எஞ்சின் சுழலும்போது நான்கும் ஒரே பலத்தில் விரலைத் தள்ளின. நான்கு பிஸ்டனும் நலம். பழைய எண்ணெயை வடித்தோம். புதிது ஊற்றினோம். அடுப்பு மேட்டில் பில்ட்டர் காய்ந்துகொண்டிருந்தது. மின்சாரம் இல்லை, வெயிலும் இல்லை. வயர் முனைகளில் நின்ற ஈரத்தை எப்படி எடுப்பது என்று நாங்கள் விழித்தபோது லெச்சுமி உள்ளே போய்ச் சைக்கிள் பம்ப்பைக் கொண்டுவந்தார். "ஊதுனா போகாதா?" என்றார். போனது. ஒவ்வொரு முனையாகக் கழற்றி நான் பிடிக்க, அவரே பம்ப் அடித்தார். பத்து முனைக்குமேல் மூச்சு வாங்கியது. போதும் என்றேன், கேட்கவில்லை. "நான் போற வண்டிங்க" என்றார்.

முதல் முறை எஞ்சின் சுழன்றது, பிடிக்கவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை பிடித்து, குழாயில் வெள்ளைப் புகையும் தண்ணீரும் கக்கி நின்றது. நான்காம் முறை நிற்காமல் ஓடியது. ஆனால் கார் முழுவதும் காய்ச்சல் வந்தவன் போல உதறியது.

"மூண்டிலதான் ஓடுது" என்றார் டொமினிக்.

எது ஓடவில்லை என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு சிலிண்டரின் வயரையும் கழற்றிப் பார்த்தோம். மூன்றாவதைக் கழற்றியபோது மட்டும் சத்தம் மாறவில்லை. பிளக்குக்கு மின்பொறி தர அதன் மேலிருந்த கொயிலை எடுத்து முதலாவதில் மாட்டினோம், முதலாவதன் கொயிலை மூன்றாவதில். இப்போது மூன்றாவது ஓடியது, முதலாவது செத்தது. ஆக எஞ்சினில் பழுதில்லை, கொயில்தான் போய்விட்டது. மாற்று யாரிடமும் இல்லை.

டொமினிக் எண்ணெயில் ஊறிய கையைத் துடைத்துக்கொண்டார். "தோட்டவெளியில இதே கார் ஒண்டு அடிபட்டுக் கிடக்கு. அதில இருக்கும். நான் போட்டு வாறன்."

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில நிக்கணும்."

"ஓம் அக்கா. வந்திடுவன்."

ஐந்து நிமிடம் ஓடிய எண்ணெயை மறுபடி வடித்தோம். இன்னும் லேசாகப் பால் நிறம் இருந்தது. இரண்டாவது கானை ஊற்றிவிட்டு அவர் கிளம்பினார். போன பிறகு மழை மறுபடி பிடித்தது.

வியாழக்கிழமை விடிந்தது. டொமினிக் வரவில்லை, போனும் கிடைக்கவில்லை. மழை விட்டிருந்தது. லெச்சுமியின் கால்களும் முகமும் வீங்கியிருந்தன. அவர் நல்ல சேலை கட்டி, ஆஸ்பத்திரிப் புத்தகத்தைப் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாசிலாமணி டிராக்டருக்குச் சொல்லிவிடப் போனார். நான் தடுத்தேன்.

"மூணுல ஓட்டலாம் அண்ணே. ஓடாத சிலிண்டருக்குப் பெட்ரோல் போகாம அந்த வயரைக் கழட்டிவிட்டுடறேன். உதறும். இழுவை இருக்காது. ஆனா போய்ச் சேரும்."

"அந்தப் பள்ளம்?"

"நான் இறங்கி முன்னால நடக்கறேன். என் முட்டிக்கு மேல தண்ணி வந்தா நாம திரும்பிடலாம். இந்தத் தடவை நீங்க சொன்னாத்தான் போறோம்."

அவர் லெச்சுமியைப் பார்த்தார். அந்த அம்மா முதல் ஆளாக எழுந்துபோய்க் காரில் ஏறினார்.

பள்ளத்தில் செவ்வாய்க்கிழமையைவிடத் தண்ணீர் குறைவு. ஆனாலும் சாலையின் ஓரம் தெரியவில்லை. சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு ஒரு கம்போடு இறங்கினேன். இடது பக்கம் ஊன்றினேன், தார். வலது பக்கம் ஊன்றினேன், கம்பு வழுக்கிக்கொண்டு போனது. நடுவில் நடந்தேன். பின்னால் கார் உதறிக்கொண்டே, என் நடை வேகத்தில் வந்தது. தண்ணீர் கெண்டைக்கால் வரை, பிறகு முட்டிக்குக் கொஞ்சம் கீழே. அங்கேயே நின்றது, ஏறவில்லை.

பாதியில் எதிர்க்கரையில் ஒரு டிப்பர் தெரிந்தது. அதே லொறியா வேறா என்று தெரியாது. ஒலி எழுப்பிக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கியது. நான் நகரவில்லை. சாலை நடுவில் கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி நின்றேன். லொறி என்னிடமிருந்து பத்தடியில் நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டிச் சிங்களத்தில் கத்தினார். மாசிலாமணி கார் ஜன்னல் வழியாகச் சிங்களத்திலேயே பதில் சொன்னார். லொறி எஞ்சினை அணைத்துவிட்டது. அதன் பக்கமாக எங்கள் கார் அலையில்லாமல் ஊர்ந்து தாண்டியது.

மேடேறியதும் கேட்டேன், "என்ன சொன்னான்?"

"செத்துப்போக ஆசையான்னு கேட்டான். வீட்டுக்காரிக்கு மெஷின் போடப் போறோம்னேன். அப்ப மெதுவா போங்க, நான் நிக்கிறேன்னான்."

தள்ளாடி, தீவுக்குப் போகும் பாலம் ஏறி, மன்னாருக்குள் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி கடந்து சில நிமிடம். லெச்சுமியை உள்ளே கூட்டிப் போனார்கள். நான்கு மணி நேரம்.

மாசிலாமணியும் நானும் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன்.

"நான்தான் அண்ணே அன்னைக்குப் போகச் சொன்னேன். மன்னிச்சுக்கங்க."

அவர் கையில் ஒட்டியிருந்த எண்ணெயைச் சுரண்டினார். "சொன்னது நீங்க. ஸ்டியரிங் என் கையிலதான இருந்துச்சு? லெச்சுமி கூட வர்றப்ப நான் யார் சொன்னாலும் இறங்க மாட்டேன். அன்னைக்கு அவ வண்டியில இல்ல. அதான் இறங்கிட்டேன்." பிறகு, "ரெண்டு பேரும்தான் தங்கச்சி" என்றார். உங்கள் தப்பில்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

பதினொரு மணிக்கு டொமினிக் வந்தார். முழுக்கச் சேறு. இரவே கொயிலை எடுத்திருக்கிறார். விடியும்போது மாசிலாமணியின் வீட்டுக்கு வேறு பாதையால் போய், வண்டி இல்லாததைப் பார்த்துத் திரும்பி வந்திருக்கிறார். கழுத்தில் கட்டிய பொலித்தீனுக்குள் கொயில் மட்டும் காய்ந்திருந்தது.

"மூண்டிலயோ வந்தனீங்கள்?" என்றார். "விசர் வேலை." பைத்தியக்காரத்தனம் என்பதை அப்படிச் சொல்லிக்கொண்டே பொனட்டைத் திறந்தார்.

மாட்ட ஐந்து நிமிடம். மாசிலாமணி சாவியைத் திருப்பினார். உதறல் இல்லை. எண்ணெய்க் கம்பியை உருவிக் கைக்குட்டையில் துடைத்துப் பார்த்தேன். தேன் நிறம். டொமினிக்கும் பார்த்தார். "ஒரு கிழமையால இன்னொருக்கா மாத்துங்கோ அண்ணை. சும்மா விடாதேங்கோ."

லெச்சுமி ஒரு நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு, கையில் பஞ்சை அழுத்தியபடி வெளியே வந்தார். முக வீக்கம் வடிந்து, களைத்து, வயது குறைந்தாற்போல் இருந்தார். காரில் ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டார். கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"மழைக்குள்ள வந்தா எங்க ஊரு இப்படித்தாங்க இருக்கும். தை பொறந்ததும் வாங்க. ரோடெல்லாம் காஞ்சிருக்கும், வயல் அறுப்பு நடக்கும். வீட்டுலயே தங்கலாம்."

"வர்றேங்கக்கா" என்றேன்.

கார் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும் முன்பே அவர் தலை சாய்ந்து தூங்கிவிட்டது தெரிந்தது. காரிலிருந்து எடுத்து வைத்திருந்த கண்ட்ரோல் போர்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டொமினிக்கின் மோட்டார் சைக்கிளில் ஏறினேன். தாழ்வுபாட்டில் எனக்கு இன்னும் ஒன்றரை நாள் வேலை இருந்தது.